உறவுமுறை: மகன்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ‘அர்த்தம்’. “அர்த்தம் சார் வந்தாச்சா?”, “அர்த்தம் சார்கிட்ட ஒரு வார்த்தை கேளு” என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் போடும் பதிப்பகம் அது. இருபது வருடமாக ஒரு மொழியின் சொல்லுக்கு இன்னொரு மொழியில் பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்? அவனும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த அலுவலகத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்திருந்த பட்டங்களைப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை.

வயது நாற்பத்து மூன்று. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். மருந்துச் சீட்டு, மின்கட்டண அறிவிப்பு, பேருந்தில் ஒட்டிய விளம்பரம் என்று எது கண்ணில் பட்டாலும் முதலில் எழுத்துப் பிழைதான் அவனுக்குத் தெரியும். “எங்க கல்யாணப் பத்திரிகையிலயே மூணு பிழை கண்டுபிடிச்சவரு. பொண்ணு பார்க்க வந்தப்போ என்கிட்ட எத்தனை கண்டுபிடிச்சாரோ, இன்னிவரைக்கும் சொல்லல” என்பாள் மனைவி.

அவனுடைய உறவு வட்டம் சிறியது. மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அக்கா. அப்பா அவனுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அக்கா அவனைவிடப் பதினேழு வயது மூத்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “அவளுக்கு யாரையும் பிடிக்கல, விடுங்க” என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். கேட்டவர்களும் விட்டுவிட்டார்கள். அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் அக்கா தனியாக இருந்தாள். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு.

அந்த வாரம் பதிப்பகத்தில் ‘பி’ எழுத்துச் சொற்கள் நடந்துகொண்டிருந்தன. புதன்கிழமை மதியம் அவன் முன்னால் இருந்த அட்டையில் ‘பாம்ஷெல்’ என்ற சொல் இருந்தது. முதல் பொருளில் சிக்கல் இல்லை. அந்தக் காலத்தில் வெடிகுண்டை அப்படிச் சொன்னார்கள். இரண்டாவது பொருள்தான் இன்றைக்குப் புழங்குவது: எதிர்பாராத நேரத்தில் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிற செய்தி. அவன் ‘அதிர்ச்சியான செய்தி’ என்று எழுதி வைத்துவிட்டு, அது போதவில்லை என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன சார், முழிக்கிறீங்க?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. பக்கங்களைக் கணினியில் கோர்ப்பவள் அவள். விசைகளைத் தட்டும் வேகத்தைப் பார்த்து ‘பட்டாசு’ என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தார்கள்.

“அதிர்ச்சின்னா கரண்ட் ஷாக்கும் அதிர்ச்சிதான். இது வேற. பக்கத்து வீடு இடிஞ்சு விழுந்தா அதை பாம்ஷெல்னு சொல்ல மாட்டாங்க. அந்தச் செய்தியை ஒருத்தன் வந்து சொல்லணும்.”

“தூக்கிவாரிப் போட்டதுன்னு போடுங்க.”

உள்ளறையிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியர் எழுந்து வந்தார். எல்லோருக்கும் அவர் ‘மேடம்’தான். “தூக்கிவாரிப் போடறது கேக்கறவனுக்கு. இது சொல்றவன் செய்யற வேலை. தலையில குண்டைத் தூக்கிப் போட்டான்னு சொல்றோமே, அதேதான். தமிழ்ல ஏற்கெனவே இருக்கு, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?”

“குண்டைப் போடறவனுக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், இல்லையா மேடம்?”

“தெரியாம எப்படிப் போடுவான்? அவன் கையிலதானே இருக்கு.”

“நல்ல சேதிக்குச் சொல்லலாமா?”

“சொல்லலாம். ஆனா பெரும்பாலும் நல்லதா இருக்காது. மூணாவது பொருளை விட்டுடுங்க. கண்ணைப் பறிக்கிற அழகின்னு போட்டா பள்ளிக்கூடத்துலருந்து புகார் வரும்.”

“அந்த ஒரு பொருள்லதான் மேடம் என்னைச் சேர்க்க முடியும், அதையும் எடுத்துட்டீங்களே” என்றாள் பட்டாசு. மூவரும் சிரித்தார்கள். இனி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரண வாக்கியம்தான் பாக்கி. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று அவன் அட்டையை ஒதுக்கி வைத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா வரச் சொல்லியிருந்தாள். ஓய்வு பெறுகிறவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய தாள்கள் ஒரு கட்டு வந்திருந்தன. நிரப்பி முடித்து, அவன் பார்ப்பதற்காக மேஜைமேல் வைத்திருந்தாள்.

“எழுத்துப் பிழை இருந்தா பாத்துக் குடு. நாளைக்கு ஆபீஸ்ல சேர்க்கணும்” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். முதல் தாளில் ‘நிறந்தர முகவரி’ என்று எழுதியிருந்தாள். ‘ற’வை அடித்து ‘ர’ போட்டான். இரண்டாம் தாளில் ஒன்றும் இல்லை. மூன்றாவது, அவளுக்குப் பிறகு அவளுக்கு வரவேண்டியது யாருக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருகிற தாள். அவன் பெயர், வயது, முகவரி எல்லாம் அக்காவின் குண்டு குண்டான எழுத்தில் சரியாக இருந்தன. கடைசிக் கட்டம் உறவுமுறை. அதில் ‘மகன்’ என்றிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. “என்னக்கா, முப்பத்தெட்டு வருஷமா போன்லயே பேசிப் பேசி எழுத்தே மறந்துபோச்சா? தம்பின்னு எழுத வேண்டிய இடத்துல மகன்னு எழுதி வெச்சிருக்கியே!” என்று சொல்லிக்கொண்டே அந்தச் சொல்லின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, மேலே ‘தம்பி’ என்று எழுதினான்.

அக்கா இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள்.

“அதை ஏன்டா அடிச்ச?”

“தப்பா இருந்துச்சு.”

“அது தப்பு இல்லடா.”

டம்ளர்களை வைத்துவிட்டு எதிரில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். தாளின் அடியில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். “இங்க பாரு. ‘மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ன்னு போட்டு, கீழ கையெழுத்துக் கேக்கறாங்க. வேலைக்குச் சேர்ந்ததுலருந்து எத்தனையோ தாள்ல உன்னைத் தம்பின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இதான் கடைசித் தாள். இதுலயாவது சரியா எழுதணும்னு தோணிச்சு.”

அவன் அந்த வரியைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிழை எதுவும் இல்லை.

“அம்மா…” என்றான்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்னவோ ஓடியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்த பிறகும் வாக்கியத்தை எப்படி ஆரம்பித்தானோ அப்படியே முடித்தான்: “அம்மாவுக்குத் தெரியுமா?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “அவங்கதானேடா பிரசவம் முழுக்கப் பக்கத்துல இருந்தாங்க.”

பிறகு சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. மாடியில் ஒருவர் குடியிருந்தார், வேலை மாற்றலாகிப் போய்விட்டார், போகும்போது அவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் விஷயம் தெரிந்தவுடன் அப்பா வீட்டைக் காலி செய்து, யாருக்கும் இவர்களைத் தெரியாத இந்த ஊருக்குக் கூட்டி வந்தார். பிள்ளை பிறந்த மறுநாளே எல்லாம் முடிவாகிவிட்டது. பிள்ளை அம்மாவுடையது, இவள் அக்கா. “நீ பேச ஆரம்பிச்சப்போ அம்மான்னு அவங்களைக் கூப்பிட்ட. அக்கான்னு என்னைக் கூப்பிட்ட. அக்காதான் உனக்கு முதல்ல தெளிவா வந்தது” என்றாள்.

அவன் டீயைக் குடித்தான். இரண்டு மிடறுக்கு நடுவில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று தோன்றியது. காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை. யாரோ வாசலில் வந்து ஏதோ வீட்டு முகவரி கேட்டது போலவும், இது அந்த வீடு இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியது போலவும் இருந்தது.

“வேற படிவம் இருக்கா?” என்று கேட்டான்.

“எதுக்கு?”

“இது அடிச்சுத் திருத்தினது. வாங்க மாட்டாங்க.”

“இன்னொண்ணு குடுத்திருக்காங்க.”

“சரி. அதுல எழுதிக்கோ. நிரந்தரத்துக்குச் சின்ன ‘ர’.”

மாடிப்படி இறங்கி, கடைத்தெரு வழியாக நடந்தான். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கி வரும்படி மனைவி காலையில் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. வாங்கினான். கடைக்காரர் தந்த ரசீதில் ‘பேட்றி’ என்று இருந்தது. திருத்தாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பேட்டரியை மாற்றிக்கொண்டே மனைவியிடம் சொன்னான். “அக்கா ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்கதான் என்னைப் பெத்தவங்களாம்.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டு கையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள், விளையாடுகிறானா என்று. அவன் விளையாடுகிற ஆள் இல்லை.

“அப்போ… இத்தனை வருஷமா நாத்தனார்னு நெனச்சு நான் மல்லுக்கு நின்னதெல்லாம் மாமியாரோடவா?” என்று கேட்டவள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பாதி வந்து, அது அழுகையாக மாறி, துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஐயோ, பாவம்ங்க அண்ணி. நம்ம பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரியில என் தலைமாட்டுல ஒரு நிமிஷம்கூட நகராம நின்னாங்களே. நான்கூட எரிச்சல்பட்டேன், இவங்களுக்கு என்ன தெரியும்னு.”

அவன் கடிகாரத்தை மாட்டிவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தான்.

“உங்களுக்கு என்னங்க தோணுது?” என்றாள்.

“பசிக்குது” என்றான்.

மறுநாள் அலுவலகத்தில் அதே அட்டை காத்திருந்தது. உதாரண வாக்கியத்துக்கான கோடு காலியாகக் கிடந்தது. பதினொரு மணி வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘அவள் சொன்ன செய்தி அவனுக்குக் குண்டாக இருந்தது’ என்று எழுதிப் பட்டாசிடம் கொடுத்தான்.

“குண்டா இருந்ததா?” என்றாள் அவள். “ஏன் சார், செய்தி ஒல்லியா இருக்கக் கூடாதா?”

அவன் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி அடித்துவிட்டு வேறு எழுதினான்: ‘அவள் டீ கொடுத்துவிட்டு அந்தச் செய்தியைச் சொன்னாள். அவன் டீயைக் குடித்தான்.’

இந்த முறை மேடம் கையிலேயே அது போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைக் கூப்பிட்டார். “இதுல பாம்ஷெல் எங்க இருக்கு?”

“சொன்னாளே மேடம்.”

“என்ன சொன்னா? அதுக்கு அவன் என்ன ஆனான்? படிக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் புரியாதே. குண்டு விழுந்தா மனுஷன் துள்ளணும், கத்தணும், இல்ல அப்படியே உட்காரணும்.”

“ஒண்ணுமே ஆகலேன்னா?”

“அப்போ அவனுக்குச் சேதியே புரியலன்னு அர்த்தம்” என்றார் மேடம். பிறகு அவரே பேனாவை எடுத்து, ‘பள்ளியை மூடப்போவதாகச் சொல்லித் தலைமை ஆசிரியர் எல்லோர் தலையிலும் குண்டைத் தூக்கிப் போட்டார்’ என்று எழுதினார். அது நல்ல வாக்கியம். பொருள் விளங்கியது, பயன்பாடும் விளங்கியது. அவன் தலையாட்டினான். மதியத்துக்குள் அந்தச் சொல் அச்சுக்குத் தயாராகிவிட்டது. அவன் அடுத்த அட்டையை எடுத்தான்.

அதன் பிறகு பதினொரு நாள் அவன் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபத்தினால் இல்லை. கோபம் வருகிறதா என்று அவனே தேடிப் பார்த்தான், வரவில்லை. வீட்டில் விட்டுப்போன வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். அறுந்த பொத்தான்களைத் தைத்தான். மகளின் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்து அடுக்கினான். மனைவி எதுவும் சொல்லாமல் அவன் போக்குக்கு விட்டாள். அவள் மட்டும் நாள் தவறாமல் அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புகைப்பட ஆல்பத்தை எடுத்தான். அவன் இருக்கும் எல்லாப் படத்திலும் அம்மா மடியில்தான் இருந்தான், இல்லையென்றால் அப்பா தோளில். அக்கா ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட அவள் அவனைத் தூக்கி வைத்திருக்கவில்லை. நான்காம் வகுப்பில் அவன் கை உடைந்தபோது அக்கா வேலையிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்ததும், “நான் இருக்கேன்ல, நீ எதுக்கு இப்படி ஓடி வர?” என்று அம்மா அவளைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தியதும் நினைவுக்கு வந்தன. அக்கா அங்கேயே, வராந்தாவில், அவனுக்குத் தெரியும்படியாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது எல்லாம் விளங்கியது. ஆனால் வேறு யாருடைய கடிதத்தையோ எடுத்துப் படித்தது போலத்தான் இருந்தது. ஆல்பத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தான்.

மகளிடம் சொல்ல வேண்டிய வேலையை மனைவி பார்த்துக்கொண்டாள். மகள் எல்லாவற்றையும் நகத்தைக் கடித்தபடி கேட்டாள். “அப்போ அத்தை எனக்குப் பாட்டியா?”

“ஆமா.”

“இன்னும் தலைக்கு டை அடிக்கறாங்கம்மா. பாட்டின்னு கூப்பிட்டா என்னைக் கொன்னுடுவாங்க. நான் அத்தைன்னே கூப்பிடறேன்.” அத்தோடு அவளுக்கு விஷயம் முடிந்துபோனது. இவ்வளவு சுலபமாக முடிவதைப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் மனதில் தெளிவாகத் தெரிந்த முதல் உணர்ச்சி அதுதான்.

பன்னிரண்டாம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. “நாளைக்கு என் ஆபீஸ் பக்கம் வர முடியுமா? உன்னை நேர்ல பார்க்கணுமாம். உன் பள்ளிக்கூடச் சான்றிதழையும் எடுத்துட்டு வா” என்றாள். அவள் குரல் வேலைக் குரலாக இருந்தது. மருத்துவமனைக்கு யார் போன் செய்தாலும் எந்தப் பிரிவுக்கு இணைக்க வேண்டும் என்று கேட்கிற அதே குரல்.

அவன் அரை நாள் விடுப்பு எடுத்தான். பணியாளர் பிரிவு தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கு அடுத்த அறையில் இருந்தது. குமாஸ்தா வயதானவர், நல்ல மனிதர். அக்காவுக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர் போலிருந்தது. நாற்காலி காட்டினார். சான்றிதழை வாங்கிப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“சார், நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

அக்கா மேஜைமேல் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல எழுதியிருக்கறதுதான்” என்றான் அவன்.

“சான்றிதழ்ல அம்மா பேரு வேறயா இருக்கே?”

“ஆமா.”

குமாஸ்தா மேலே கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. மகன்னு போட்டா அதுக்கு அத்தாட்சி வேணும். பிறப்பு எங்க பதிவாச்சோ அங்க போகணும், அதுலயும் வேற பேர் இருந்தா கோர்ட்டுக்குப் போகணும், மாசக்கணக்கா அலையணும். தம்பின்னு போட்டா இன்னிக்கே வேலை முடிஞ்சுடும். உங்களுக்கு வர்றதுல எந்த வித்தியாசமும் இல்ல.”

அலைகிறேன் என்று சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது, வாய் வரைக்கும் வரவில்லை.

“தம்பின்னே போட்டுக்கறேன். வேற தாள் குடுங்க” என்றாள் அக்கா.

புதுத் தாளில் மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினாள். நிரந்தரத்துக்குச் சின்ன ‘ர’ போட்டாள். உறவுமுறைக் கட்டம் வந்தபோது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் எழுதிப் பழகிய சொல், தானாக வந்து விழுந்தது. மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு நகர்த்தி வைத்தாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். வெயில் கண்ணில் அடித்தது. அக்கா கைப்பையை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

“ஒரு தடவை எழுதிப் பாத்தாச்சு. போதும்டா” என்றாள்.

அவன் பேருந்து வருகிறதா என்று பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு அப்போது ஒரு சொல் அகப்படவில்லை. அவளுடைய பேருந்து முதலில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை அசைத்தாள். அவனும் அசைத்தான்.

மாதக் கடைசியில் அவளுக்கு மருத்துவமனையில் வழியனுப்பு விழா நடந்தது. மனைவியும் மகளும் போனார்கள். அவனும் போனான். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் அக்காவின் குரலைப் பற்றியே பேசினார்கள். நள்ளிரவில் பதறிப் போன் செய்தவர்களை அந்தக் குரல் எப்படி அமைதிப்படுத்தியது என்றார்கள். “இவர்தான் அவங்க தம்பி” என்று யாரோ அவனை யாருக்கோ அறிமுகம் செய்துவைத்தார்கள். அவன் கை குலுக்கினான்.

ஓய்வுக்குப் பிறகு அக்கா பகல் பொழுதுகளில் அவன் வீட்டுக்கு வந்து போனாள். அவளும் மனைவியும் துணி துவைக்கும் இயந்திரத்தில் எவ்வளவு சோப்புத்தூள் போடுவது என்று தகராறு செய்துகொண்டார்கள், முன்னைப் போலவே. ஆனால் மனைவி ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொடுத்தாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “நீ என்ன, திடீர்னு இவ்வளவு நல்லவளாயிட்ட? சண்டை போடுடி” என்றாள்.

அவன் ஒன்றைக் கவனித்தான். அக்காவை அவன் எதைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அக்கா என்று வாய் திறந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த இன்னொரு சொல் ஆரம்பிக்கவே இல்லை. “இங்க பாரு”, “கேட்டியா”, “சாப்பிட்டாச்சா” என்று பேச்சை ஆரம்பித்துச் சமாளித்தான். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. நாள் முழுக்கக் குரல்களையே கேட்டுப் பிழைத்தவள், கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். கட்டில்மேல் ஒழுகுகிறது, தனியாக நகர்த்த முடியவில்லை என்றாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான்.

கூரைத் தளத்தில் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் சுவரோடு வழிந்து மெத்தையின் கால்மாட்டை நனைத்திருந்தது. இருவரும் மெத்தையைச் சுருட்டித் தூக்கி மேஜைமேல் போட்டார்கள். கட்டிலின் ஒரு முனையை அவனும் மறு முனையை அவளும் பிடித்து எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தினார்கள். “மெதுவா, மெதுவா, உன் கால் மேல போட்டுக்காத” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொட்டு விழுகிற இடத்தில் வாளியை வைத்தார்கள். சொட்டு இடம் மாறியது. வாளியையும் மாற்றினார்கள். இன்னோர் இடத்திலும் சொட்ட ஆரம்பித்தது. அதற்குப் பாத்திரம் வைத்தார்கள்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அக்கா வெறும் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். அவன் தரையைத் துடைத்துத் துணியை ஜன்னலுக்கு வெளியே பிழிந்தான். அப்போதுதான், முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, கேட்டான்.

“எனக்குப் பேரு யாரு வெச்சது?”

பின்னால் கட்டில் சட்டம் கிறீச்சிட்டது.

“நான்தான்” என்றாள் அக்கா. “அப்பா வேற சொன்னாரு. இது ஒண்ணை மட்டுமாவது நான் சொல்றேன்னு அழுதேன். சரின்னு விட்டாங்க.”

அவன் துணியை இன்னொரு முறை பிழிந்தான். அதில் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து, நிரம்பிய பாத்திரத்தை எடுத்துக் கொட்டிவிட்டு வைத்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் இன்னும் சொல்லத் தயாராக இருந்தாள். அவன் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. மழை ஓயும் வரை கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி நேரம் இருக்கும். நான்கு முறை வாளியைக் கொட்டினான். நடுவில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

வீடு திரும்பியதும் மனைவி குடையை வாங்கிக்கொண்டு, “இவ்வளவு நேரமா? என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“தளத்துக்குப் பூச்சு போடணும்” என்றான். “நாளைக்குக் கொத்தனாரைக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவங்க இங்க வந்து படுத்துக்கட்டும்.”